ஆள் சரியில்லை என்று சொல்லாதீர்கள்



இந்த முறை கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். சண்டை யாரோடு என்றால், தினமும் சாயந்திரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நண்பர்களோடுதான். அவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

விஷயம் சின்னது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தொட்டியத்தில் புதிதாக வீடு கட்டியிருக்கிறார். மாடிக் குளியலறையில் தண்ணீர் ஊற்றினால் அது ஓட்டைப் பக்கம் போகாமல் வாசற்படிப் பக்கம் வருகிறது. வாட்டம் தப்பு. "கொத்தனார் சரியில்லை" என்று முடிவு கட்டி, அவருக்குத் தரவேண்டிய கடைசிக் கூலி 9,000 ரூபாயைத் தராமல் நிறுத்தி வைத்துவிட்டார். அந்தக் கொத்தனார் மூன்று முறை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

அன்று சாயந்திரம் பேச்சு இதில்தான் ஆரம்பித்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாழைத்தார் ஏற்றுகிற ஆள் சரியில்லை, காய் அடிபடுகிறது. மின்சாரம் பார்க்க வருகிற பையன் சரியில்லை. பேரனுக்குப் பாடம் சொல்லித்தருகிற டீச்சர் சரியில்லை. கடைசியில் வழக்கம்போல ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "ஜப்பான்காரனைப் பாருங்கய்யா! வேலைன்னா வேலை. நம்ம ஆளுக்கு அந்தப் புத்தியே கிடையாது."

நான் அன்று ஒன்றும் பேசவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு தனியார் ஆலை. பெயரும் ஊரும் வேண்டாம். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிரிவில் ஸ்டாப் வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் எந்த வேலையை எத்தனை நிமிஷத்தில் செய்கிறார்கள் என்று குறிக்கிற வேலையில் சேர்ந்து, பிறகு தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்றேன். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அதனால் மறுநாள் ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்தேன்.

தச்சர் ஒருவரிடம் சொல்லிக் கைப்பிடி வைத்த ஒரு சிறு பலகையில் 50 குழி போட்டு வாங்கி வந்தேன். பல்லாங்குழி மாதிரிதான், ஆனால் குட்டிக் குட்டிக் குழிகள். ஒரு குழிக்கு ஒரு பயறு. வீட்டில் இருந்த வெள்ளைத் தட்டைப்பயறு நான்கு டம்ளர், சிவப்புத் தட்டைப்பயறு ஒரு டம்ளர், இரண்டையும் ஒரு அண்டாவில் போட்டுக் கலக்கினேன். நான் முதலாளி. நண்பர்கள் நான்கு பேரும் தொழிலாளிகள். "ஐயா, நம்ம கம்பெனி வெள்ளைப் பயறு தயாரிக்கிற கம்பெனி. பலகையை அண்டாவுக்குள் விட்டு எடுக்கணும். சிவப்பு வந்தால் அது குறை. மூன்றுக்கு மேல் சிவப்பு வரக்கூடாது. கண்ணை மூடிக்கணும், பொறுக்கக் கூடாது."

முதலில் தலைமையாசிரியர் எடுத்தார். சிவப்பு 12. "என்ன சார், இப்படிப் பண்றீங்க?" என்றேன். கண்டக்டராக இருந்தவர் எடுத்தார். 6. கைதட்டச் சொல்லி, "இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி" என்று ஒரு வாழைப்பழம் பரிசாகக் கொடுத்தேன். வாழை விவசாயி எடுத்தார். 9. நம் வங்கிக்காரர் எடுத்தார். 15! "உங்களுக்கு மெமோ" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

இரண்டாவது சுற்று. பரிசு வாங்கிய கண்டக்டருக்கு 13 வந்தது. "பரிசு கொடுத்ததும் திமிர் வந்துடுச்சு" என்றேன். மெமோ வாங்கிய வங்கிக்காரருக்கு 8. "பார்த்தீங்களா, மெமோ வேலை செய்யுது!" மூன்றாவது சுற்றில் அவருக்கே 14 வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "யோவ், அண்டாவுல சிவப்புப் பயறைக் கலந்து வெச்சுட்டு என்னைத் திட்டினா நான் என்னய்யா பண்ணுவேன்?" என்று நிஜமாகவே கோபப்பட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

இந்த விளையாட்டு என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் பெரிய பெரிய கம்பெனி அதிகாரிகளை மேடைக்கு அழைத்து இதைச் செய்து காட்டுவார். பயறுக்குப் பதிலாக வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும். அவருடைய பெட்டியில் 4,000 மணிகளில் 800 சிவப்பு. பலகையில் 50 குழி. கணக்குப் போட்டால் ஒரு முறைக்குச் சராசரி 10 சிவப்பு வரவேண்டும். ஆனால் வெறும் தற்செயலாகவே ஒரு முறைக்கு 2 முதல் 18 வரை வரலாம். அந்த எல்லைக்குள் யாருக்கு எத்தனை வந்தாலும் அதில் அந்த ஆளின் திறமையும் இல்லை, குற்றமும் இல்லை. பரிசு கொடுத்தாலும் மாறாது. மெமோ கொடுத்தாலும் மாறாது. சிவப்பு குறையவேண்டும் என்றால் அண்டாவில் கைவைக்க வேண்டும். அண்டா முதலாளியிடம் இருக்கிறது. தொழிலாளியின் கையில் இருப்பது பலகை மட்டும்தான்.

1986-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் டெமிங் ஒரு மதிப்பீடு சொல்கிறார். தன் அனுபவத்தில், குறைகளில் 94 சதவீதம் அமைப்பினால் வருவது, அதற்கு நிர்வாகமே பொறுப்பு. மீதி 6 சதவீதம்தான் தனிப்பட்ட காரணங்களால் வருவது என்கிறார். இந்த எண்ணிக்கையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு மனிதரின் அனுபவக் கணக்கு. ஆனால் அது காட்டுகிற திசை சரி என்று நான் என் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். என் காசு என்றா சொன்னேன்? இல்லை. இன்னொருவர் காசு.

அதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஆலையில் ஒரு வெல்டர் இருந்தார். முசிறிப் பக்கத்துக்காரர். திருச்சி வட்டாரம் வெல்டிங்குக்குப் பேர்போனது என்பது உங்களுக்குத் தெரியும். திருவெறும்பூரில் பெல் ஆலை வந்து, 1975-ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. நம் பிள்ளைகள் இந்தியா முழுக்க, வளைகுடா முழுக்க வெல்டராகப் போனார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அவர். கை சுத்தம். அவர் போட்ட வெல்டு கோலம் மாதிரி இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் போட்ட இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே பொடிப்பொடியாக ஓட்டைகள். ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக. அவசரமாக அனுப்ப வேண்டிய சரக்கு. மேலே இருந்து கேள்வி வந்தது. அறிக்கை எழுத வேண்டியவன் நான். படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத ஐந்து நிமிஷம் ஆனது. அவருக்கு ஒரு இன்கிரிமெண்ட் போனது. உயர் அழுத்தக் குழாய் வேலை செய்கிறவர்கள் பட்டியலில் இருந்து பெயரும் போனது. அந்தப் பட்டியலில் இருப்பதுதான் ஒரு வெல்டருக்கு மரியாதை. "நான் எப்பவும் போலத்தான் சார் போட்டேன்" என்று மட்டும் என்னிடம் வந்து சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வேறு இரண்டு வெல்டர்களின் வேலையிலும் அதே ஓட்டைகள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து தேதிவாரியாக ஒரு வரைபடம் போட்டேன். குறைகள் ஆளைப் பொறுத்து வரவில்லை, நாளைப் பொறுத்து வந்திருந்தன. எல்லாம் மழை நாட்கள். இந்த வகை வெல்டிங் ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சும். அதனால் ஓவனில் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரமாவது சுட்டு, சூடு ஆறாமல் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தேன். ஓவனின் சூட்டுக் கம்பி எரிந்துபோய்ப் பல நாளாகியிருந்தது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டோர்கீப்பர் புதுக் கம்பி கேட்டு மூன்று முறை எழுதியிருந்தார். அந்தக் காகிதம் எந்த மேஜையிலோ தூங்கியது. ஓவனுக்கு நேர் மேலே சுவரில் "தரமே நமது உயிர்" என்று பெரிய எழுத்தில் பலகை.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "ஓவனைச் சரி பண்ணச் சொல்லிடலாம். ஆனா அந்த ஃபைல் முடிஞ்சு போச்சு, மறுபடி திறக்காதீங்க" என்றார். நான் திறக்கவில்லை. பெண்ணின் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்த நேரம். பயந்தேன். அந்த வெல்டர் அடுத்த வருஷம் வேலையை விட்டுப் போய்விட்டார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் அவர் ஊரில் போய் விசாரித்தேன். குடும்பத்தோடு எங்கோ குடிபெயர்ந்துவிட்டார்கள் என்றார்கள்.

அதனால்தான் "ஆள் சரியில்லை" என்ற சொல் காதில் விழுந்தால் எனக்கு எரிகிறது. அது காரணத்தைக் கண்டுபிடிக்கிற சொல் இல்லை. காரணத்தைத் தேடாமல் இருப்பதற்கான சொல்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். ஜப்பான்காரனுக்குப் பிறவியிலேயே புத்தி என்று சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். யுத்தம் முடிந்த காலத்தில் ஜப்பான் சரக்கு என்றாலே மட்டம் என்றுதான் உலகம் சொன்னது. நம் அப்பா காலத்து ஆட்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். 1950-ல் டெமிங் அங்கே போனபோது தொழிலாளிகளைக் கூட்டி வைத்து "ஒழுங்காக வேலை செய்யுங்கள்" என்று பேசவில்லை. கம்பெனித் தலைவர்களை உட்கார வைத்துப் பேசினார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 1951-ல் அவர் பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தினார்கள்.

அந்த அறிவு நம் நாட்டுக்கு வரவில்லையா? டெமிங்குக்கே வழிகாட்டியாக இருந்தவர் வால்டர் ஷூவார்ட். 1924-ல் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை முதலில் போட்டவர். என் வெல்டர் விஷயத்தில் நான் தாமதமாகப் போட்ட வரைபடத்துக்கு அவர்தான் மூலம். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நடத்திய மகலனோபிஸ் அழைத்து, 1947-48-ல் அந்த ஷூவார்ட் இந்தியாவுக்கே வந்து சில மாதம் இருந்து பேசிவிட்டுப் போனார். டெமிங் ஜப்பானில் பேசியதற்கு முன்பே! விதை இங்கேயும்தான் விழுந்தது. தண்ணீர் விட்டவர்கள் அங்கே அதிகம்.

இங்கேயும் விட்டவர்கள் இருக்கிறார்கள். 1998-ல் இந்தியாவிலேயே முதல்முறையாக டெமிங் விருது வாங்கியது எந்த ஊர் ஆலை தெரியுமா? சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. ஜப்பான்காரர்களே வந்து சோதித்துப் பார்த்துக் கொடுக்கிற விருது. அந்த ஆலைகளுக்கு ஜப்பானில் இருந்து தொழிலாளிகளை இறக்குமதி செய்யவில்லை. வேலை செய்தவர்கள் எல்லாம் நீங்கள் "சரியில்லை" என்று சொல்கிற அதே நம்ம ஊர் ஆட்கள்தான். ஆள் மாறவில்லை. அண்டா மாறியது.

திண்ணையில் இதைச் சொன்னதும் தலைமையாசிரியர் முக்கொம்பை இழுத்தார். "வெள்ளைக்காரன் 1836-ல் கட்டின மேலணை எத்தனை வருஷம் நின்னுது? நம்ம ஆளு கட்டினா நிக்குமா?" 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்து மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போனதை நாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் ஐயா, ஆர்தர் காட்டன் திட்டம் போட்டார்; கல்லைச் சுமந்தது யார்? சுண்ணாம்பு அரைத்தது யார்? நம் பாட்டனுக்குப் பாட்டன்தான். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். நல்ல திட்டம், நல்ல பொருள், நல்ல பராமரிப்பு இருந்த வரை அதே ஆட்கள் கட்டியது 180 வருஷம் நின்றது. இது உங்கள் கட்சிக்குச் சாட்சி இல்லை, என் கட்சிக்குச் சாட்சி.

நிர்வாகங்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் சுலபமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தொழிலாளிகளே குழுவாக உட்கார்ந்து தங்கள் வேலையில் உள்ள குறைகளை ஆராய்கிற தர வட்டம் என்ற முறை 1962-ல் ஜப்பானில் தொடங்கியது. 1980-ல் ஹைதராபாத் ராமச்சந்திரபுரம் பெல் ஆலையில் எஸ்.ஆர். உடுபா என்பவர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அருமையான காரியம். அதை மனசாரச் செய்த இடங்களில் பலனும் கிடைத்தது. ஆனால் எங்கள் ஆலையில் அது எப்படி நடந்தது? துடைப்பத்தை எங்கே வைப்பது, டீ எத்தனை மணிக்கு என்பதைப் பேசலாம். ஓவன் கம்பி ஏன் மூன்று மாதமாக வரவில்லை என்று பேசினால், "அது உங்கள் வட்டத்துக்குள் வராது." வருஷத்துக்கு ஒருமுறை போட்டி, கேடயம், குரூப் போட்டோ. இதற்குப் பெயர் தொழிலாளர் பங்கேற்பு!

டொயோட்டா ஆலையில் ஒரு கயிறு தொங்கும். குறையைப் பார்த்த தொழிலாளி அதை இழுப்பார். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார், திட்ட அல்ல, உதவ. அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். இதைச் சொன்னபோது நம் கண்டக்டர், "இதுல என்ன அதிசயம்? நான் ஒரு விசில் கொடுத்தா டிரைவர் பஸ்ஸை நிறுத்துவார். ஏன், எதுக்குன்னு கேட்டுட்டா நிறுத்துவார்? நிறுத்திட்டுத்தான் கேட்பார்" என்றார். எத்தனை சரியாகப் பிடித்துக்கொண்டார் பாருங்கள்! அந்த வெல்டர் கையில் ஒரு விசில் இருந்திருந்தால், "ராடு ஈரமாக இருக்கிறது, நான் போடமாட்டேன்" என்று சொல்ல முடிந்திருந்தால், எங்கள் சரக்கும் தப்பியிருக்கும், அவர் மரியாதையும் தப்பியிருக்கும்.

"அப்படின்னா சோம்பேறியே கிடையாதா? எல்லாரும் உத்தமர்களா?" என்று கேட்பீர்கள். கிடையாது என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவனையும் பார்த்திருக்கிறேன், தெரிந்தே ஏமாற்றுகிறவனையும் பார்த்திருக்கிறேன். அவன் எல்லைக்கு வெளியே தனியாகத் தெரிவான். 18-க்கு மேல் வருகிற சிவப்பு மாதிரி. அவனைத் தண்டியுங்கள். ஆனால் முதலில் அண்டாவைப் பாருங்கள், பிறகு ஆளைப் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள். நான் மாற்றினேன்.

இனி அந்தக் குளியலறைக்கு வருகிறேன். போன வாரம் கொத்தனாரைக் கடைத்தெருவில் பார்த்து, திட்டாமல், என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். வரைபடத்தில் ஓட்டை கிழக்கு மூலையில். அதற்குத் தகுந்தபடி வாட்டம் கொடுத்துத் தளம் போட்டுவிட்டார். அப்புறம் பெங்களூரில் இருக்கிற பையன் வாட்ஸ்அப்பில் வேறு படம் அனுப்பினான். ஓட்டை மேற்கு மூலைக்குப் போனது. குழாய்க்காரர் வந்து மாற்றிவிட்டுப் போனார். "தளத்தைக் கொத்தி மறுபடி வாட்டம் எடுக்கணும் ஐயா, ரெண்டு நாள் ஆகும்" என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். "கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு, அப்படியே டைல்ஸை ஒட்டு" என்று பதில் வந்திருக்கிறது. யார் சொன்னது என்று நான் எழுதப்போவதில்லை. சொன்னவருக்குத் தெரியும்.

பெரிய பெரிய திட்டங்கள் கெடுவதும் இப்படித்தான். வேலை பாதியில் இருக்கும்போது படம் மாறும். நாள் மட்டும் மாறாது. கடைசியில் கரண்டி பிடித்தவன் தலையில் விடியும்.

பங்குனியில் நம் மதுரை காளியம்மன் தேரைத் தோளில் சுமக்கிற ஊர் இது. தேர் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் நிற்கிறவனை யாராவது அடிக்கிறார்களா? எல்லாரும் சேர்ந்து நிறுத்தி, தோள் மாற்றி, நிமிர்த்துகிறோம். சாமி காரியத்தில் தெரிகிற இந்த நியாயம் கூலி கொடுக்கிற இடத்தில் மட்டும் நமக்கு ஏன் மறந்துபோகிறது?

வங்கிக்கார நண்பரே, உங்களுக்கு மெமோ கொடுத்தபோது என்னிடம் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? அதையேதான் அந்தக் கொத்தனாரும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். என்னால் முடியாமல் போனது உங்களால் இன்றும் முடியும். உங்கள் ஆள் ஊரை விட்டுப் போகவில்லை, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அந்த 9,000 ரூபாயைக் கொடுங்கள். இரண்டு நாள் கூலியும் சேர்த்துக் கொடுத்துத் தளத்தைக் கொத்தி வாட்டத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அவர் சரியாகத்தான் செய்வார்.

கோபம் இருந்தால் சாயந்திரம் திண்ணைக்கு வந்து திட்டுங்கள். காபி போட்டு வைக்கச் சொல்கிறேன்.